வால் ஆடாத வீடு

விடிந்தும் விடியாததுமாகப் பீளமேட்டில் எந்த அடுக்ககத்தை அண்ணாந்து பார்த்தாலும் பால்கனிக்கு இரண்டு உடல்கள் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். சிரசாசனம். ஒரே நேரத்தில் கால்கள் எழும், ஒரே நேரத்தில் இறங்கும். கீழே பால் பாக்கெட் போட்டுக்கொண்டு போகிற இயந்திரத்தைத் தவிர அந்தக் காட்சியைப் பார்க்கத் தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். செய்கிறவர்களும் பார்ப்பதில்லை. அந்த உடல்களுக்குள் அவர்கள் இல்லை.

அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த பெயர்வி என்ற சிறு கருவி, மனதை உடலிலிருந்து பெயர்த்து, வேலை எங்கேயோ அங்கே நிற்கிற இரும்பு உடலுக்குள் இறக்கிவிடும். நிலவில் தாது வெட்டுகிறவர்களும் கடலடியில் பாசி வளர்க்கிறவர்களும் கோயம்புத்தூரிலேயே குடியிருந்தார்கள். அதாவது, அவர்களுடைய உடல்கள் குடியிருந்தன. ஆள் இல்லாத வீட்டைப் போலத்தான் ஆள் இல்லாத உடலும். சும்மா போட்டுவைத்தால் கெட்டுவிடும். இரத்தம் கட்டும், மூட்டு இறுகும். அதனால் பெயர்வியோடு காவலி என்று ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினார்கள். காவலி உடலை எழுப்பும், குளிப்பாட்டும், நேரத்துக்குச் சாப்பிட வைக்கும், நாயை நடத்திக்கொண்டு போய்வரும், காலையும் மாலையும் யோகாசனம் செய்ய வைக்கும். மனதைப் பிடித்து உடலில் உட்கார வைப்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் யோகத்தை உண்டாக்கினார்களாம். மனது போன பிறகு உடல் ஊசிப்போகாமல் இருக்க அது இவ்வளவு உதவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது ஊரில் யோகம் செய்யாத உடலே கிடையாது. யோகம் செய்த ஆளைத்தான் தேட வேண்டும்.

காவலி பேசவும் செய்யும். அதற்காக ஆயிரக்கணக்கான வீடுகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரு கைப்பிடி வாக்கியங்கள் இருந்தால் ஒரு கணவனும் மனைவியும் ஆயுசுக்கும் தாராளமாகக் குடும்பம் நடத்தலாம் என்று தெரியவந்தது. சாப்டாச்சா. ம். பாத்துக்கலாம். இன்னிக்கு வெயில் ஜாஸ்தி. இவற்றைக் காவலிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். "உள்ள இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால் "இங்கதான் இருக்கறேன்" என்று சொல்லவும் கற்றுக் கொடுத்திருந்தார்கள். வீடு தேடி வருகிறவர்கள் மனம் கோணக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நாய்களை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. உடலில் ஆள் இருந்தால் நாய் வாலை ஆட்டும். ஆள் இல்லாவிட்டால், அதே கை சோறு வைத்தாலும், அதே கை காதைச் சொறிந்தாலும், வால் அசையாது. வாசனையாக இருக்கலாம் என்றார்கள் சில விஞ்ஞானிகள். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. காரணம் எதுவானால் என்ன, வீட்டுக்கு வீடு நாய் வளர்ப்பது வழக்கமாகிவிட்டது. விருந்துக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த வீட்டு நாயின் வாலைப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் நாயையே கூட்டிக்கொண்டு போவார்கள். காபியைக் கொண்டுவந்து வைக்கிற பெண் உள்ளே இருக்கிறாளா, இல்லை கடலடியில் இருக்கிறாளா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தர்ஷிணியும் சர்வேஷும் இரண்டு நாய்கள் வளர்த்தார்கள். ஆண் மிளகு, பெண் சுக்கு. இரண்டும் கோம்பை இனம், ஒரே ஈற்றில் பிறந்தவை. தர்ஷிணிக்கு வேலை இராமேஸ்வரத்துக்கு அப்பால் கடலடிப் பாசிப் பண்ணையில். சர்வேஷுக்கு நிலவில். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் தினமும் பொழுது சாய்வதற்குள் உடலுக்குத் திரும்பிவிடுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆனது. பிறகு பண்டிகை நோம்பிக்கு மட்டும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. இரும்பு உடலில் பசி இல்லை, முதுகுவலி இல்லை, வயது ஆகிறது என்ற நினைப்பு இல்லை. சொந்த உடலுக்குத் திரும்பி வந்தால் முதலில் முழங்கால் வலிக்கும், அப்புறம்தான் வீடே கண்ணுக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு வந்த அன்றுதான் தர்ஷிணிக்கு எல்லாம் மாறிப்போனது. கண்ணைத் திறந்ததும் தன் கை எதையோ தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மடியில் மிளகு கிடந்தது. தடவத் தடவ உடம்பு விறைப்பாக இருந்தது. மாலையில் நாயைத் தடவுவது காவலியின் வேலைகளில் ஒன்று. நாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. மிளகு காலையிலேயே போயிருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே பாயை விரித்து அவள் உடல் அரை மணி நேரம் ஆசனம் செய்திருக்கிறது. பிறகு மூச்சை இழுத்து விட்டிருக்கிறது. பிறகு, குறித்த நேரம் வந்ததும், செத்த நாயை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு தடவியிருக்கிறது. சுக்கு வாசற்படியில் குறுக்கே படுத்திருந்தது. யாரோ வருவார்கள் என்று காத்திருந்ததோ என்னவோ. தானியங்கிக் கதவு மூடப் பார்ப்பதும் அதன் மேல் முட்டித் திறப்பதுமாக இருந்தது.

அடுக்ககத்துக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். தோண்டினார்கள் என்றால், சர்வேஷின் உடலிடம் மண்வெட்டியைக் கொடுத்தாள், அது தோண்டியது. அதன் நெற்றியில் வியர்வை வழிந்தது. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றது. தர்ஷிணிக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. யாரை அறைவது என்று தெரியவில்லை.

அன்றைக்கே அவள் பெயர்வியை அணைத்தாள். சுக்கு இருக்கிற வரைக்கும் இந்த உடலை விட்டு ஓர் அடி நகர்வதில்லை. மிளகு செத்த மாதிரி சுக்கு சாகக்கூடாது. சாகும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், தான் மட்டுமல்ல, சர்வேஷும் இருக்க வேண்டும். குட்டியாக இருந்தபோது சட்டைப்பைக்குள் போட்டுச் சுக்குவைக் கொண்டுவந்தவன் அவன்தான். அவள் மனதில் இருந்த ஒரே பிடிவாதம் இதுதான். பண்ணையில் நீண்ட விடுப்பு என்று சொல்லிவிட்டாள். சர்வேஷுக்கு நிலவு அலுவலகம் வழியாகத் தகவல் அனுப்பினாள். "பணியில் உள்ளார். வந்ததும் தெரிவிக்கப்படும்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மறுபடி அனுப்பினாள். அதே பதில் வந்தது. ஆள் ஓய்வு பெற்றாலும் செத்தாலும் அலுவலகங்கள் இதே பதிலைத்தான் அனுப்பும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் தர்ஷிணி நம்பினாள். எப்போதாவது வருவான், வந்ததும் சுக்கு வாலை ஆட்டும், அப்போது எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

சுக்குவோ வாலை ஆட்டுவதையே விட்டுவிட்டது. மிளகு போன நாளிலிருந்து அவளுக்கும் ஆட்டவில்லை. தர்ஷிணிக்கு அது ஆச்சரியமாக இல்லை. கூடப் பிறந்ததைச் சாக விட்டவளை எந்த நாய் மன்னிக்கும்? இந்த இடத்தில் அவள் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். உள்ளேயே இருக்கிற தனக்கே ஆடாத வால் சர்வேஷுக்கு ஆடாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் குற்றம் செய்தவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது தோன்றாது. தனக்கு ஆடாதது தண்டனை, அவனுக்கு ஆடாதது அவன் இல்லாததற்குச் சாட்சி என்று பங்கு பிரித்துக்கொண்டாள்.

காலையில் சர்வேஷின் உடல் பால்கனியில் பாய் விரிக்கும். அவளும் பக்கத்தில் விரிப்பாள். வீட்டில் இன்னோர் உடலின் மூச்சுச் சத்தம் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். ஆசனங்களை உள்ளிருந்து செய்வது அவளுக்கு முதல் தடவை. திரிகோணாசனத்தில் தொடை நரம்பு சுண்டி இழுத்தது. இவ்வளவு வருடமாக இந்தக் கால்கள் இந்த வலியைத் தாங்கிக்கொண்டா நின்றன என்று நினைத்தாள். தினமும் செய்த பழக்கத்தில் உடல் தானாகவே வளைந்துகொடுத்தது. அவள்தான் குறுக்கே நின்றாள். சர்வேஷின் உடலும் முன்போல இல்லை. விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது தள்ளாடியது. இரண்டு தடவை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. காவலிக்குச் சர்வீஸ் பார்க்க வேண்டும், அவன் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் சவாசனத்தில் மல்லாந்து கிடக்கும்போது அதன் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போகும். கண் வறளாமல் இருக்கக் காவலி அப்படிச் செய்வதுண்டு. அவள் துண்டால் ஒற்றிவிடுவாள். சுக்கு மெதுவாக நடந்து வந்து அந்த உடலின் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும். வயதான நாய், கதகதப்புக்கு ஏங்குகிறது என்று தர்ஷிணிக்குப் பாவமாக இருக்கும்.

சாப்பாட்டு மேசையிலும் குறை எதுவும் இல்லை.

"இன்னொரு தோசை வெக்கட்டுங்களா?"

"போதும்."

"சட்னி உப்பா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"சுக்கு சாப்டுச்சா?" என்று அது கேட்கும்.

"சாப்டுச்சுங்க."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எதுவும் வராது. சர்வேஷ் உண்மையாகவே எதிரில் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர்கள் இதைத்தான் பேசினார்களா என்று ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த நினைப்பு அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பயத்தில்தான் யாரும் கேட்காத கேள்வியை மறுநாள் கேட்டாள்.

"ஏங்க, உள்ள இருக்கீங்களா?"

அது தோசையைப் பிய்த்த கையை நிறுத்தியது. அவளை நிமிர்ந்து பார்த்தது.

"இங்கதான் இருக்கறேன் தர்ஷிணி."

பெயரைச் சொன்னதும் அவன்தானோ என்று தோன்றியது. உடனே சுக்குவைத் திரும்பிப் பார்த்தாள். மேசைக்கடியில் படுத்திருந்தது, வால் கயிறு மாதிரி தரையில் கிடந்தது. காவலியைப் புதுப்பித்திருக்கிறோம், இனி வீட்டிலுள்ளவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் என்று போன மாதம் அறிவிப்பு வந்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

"நீ இருக்கியா?" என்று அது கேட்டது.

"நானும் இங்கதான் இருக்கறனுங்க."

அதன் கண்கள் மேசைக்கடியில் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, திரும்பி வந்தன. நாய்க்குச் சோறு வைக்கிற நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தர்ஷிணி எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்தச் சந்தேகமும் விட்டுப்போனது. சுவருக்கு முன்னால் பேசுகிற மாதிரி அதன் முன்னால் மனதில் வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தாள். மார்கழிக் குளிரில் ஒரு மத்தியானம் இரண்டு பேருமாகக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அது துண்டுகளின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து அழகாக மடித்தது.

"அந்த மனுசனுக்கு நீயே தேவல" என்றாள் தர்ஷிணி. "நேரத்துக்குச் சாப்படற. கூப்புட்டா வர்ற. ஒரு வேலை சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறதில்ல. அவரே வராம நீயே இருந்துட்டாக்கூட எனக்கு ஒண்ணும் கொறையில்ல போ."

அது கையிலிருந்த துண்டை வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனது. இருட்டுகிற வரை அங்கேயே நின்றது. சூரிய நமஸ்காரம் செய்யப் போயிருக்கிறது, திசை தெரியாமல் நிற்கிறது, சர்வீஸ் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மீதித் துணியைத் தனியாக மடித்து அடுக்கினாள்.

தை பிறந்ததும் சுக்கு சாப்பாட்டை நிறுத்தியது. முதலில் சோற்றை, பிறகு கறியை, பிறகு பாலை. தண்ணீரை மட்டும் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். தர்ஷிணி நிலவுக்குத் தகவல் மேல் தகவல் அனுப்பினாள். சுக்குவுக்கு முடியவில்லை, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள், உங்களை வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதினாள். பணியில் உள்ளார், வந்ததும் தெரிவிக்கப்படும். ஒரு நாள் மத்தியானம் சுக்குவால் எழுந்திருக்கவே முடியவில்லை. போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு நாய் மருத்துவரிடம் ஓடினாள்.

டாக்டர் மோனிஷா நடுத்தர வயதுக்காரர். நாய்களோடு புழங்குகிற தொழில் என்பதால் எப்போதும் தன் உடலில்தான் இருந்தாக வேண்டும். அந்தக் களைப்பு முகத்தில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. சுக்குவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"கிட்னி ரெண்டும் போயிருச்சுங்க. ஊசி போட்டு இழுக்கலாம், ஆனா அது அதுக்குத்தான் கஷ்டம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இன்னிக்குத் தாண்டாது. ரெண்டு பேரும் பக்கத்துலயே இருங்க."

"அவரு வெளிய இருக்கறாருங்க டாக்டர்." தர்ஷிணி சுக்குவின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். "ஆயுத பூஜைல இருந்தே வரல. சுக்கு அவரப் பாத்து வால ஆட்டறதே இல்லீங்க."

"உங்களுக்கு ஆட்டுதா?"

"என் மேல அதுக்குக் கோபமுங்க."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சுக்குவைத் திருப்பிப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே விரலால் அழுத்திக்கொண்டே போனார். வாலின் அடிப்பக்கத்தில் விரல் நின்றது.

"இந்த வால் எப்படீங்க ஆடும்? எலும்பு நசுங்கி நரம்பே அத்துப்போயிருக்கு. கதவுல கிதவுல மாட்டுச்சா? நாலஞ்சு மாசம் இருக்கும். இதுக்கு அப்பறம் ஆண்டவனே எறங்கி வந்திருந்தாலும் இது வால ஆட்டியிருக்காது."

தர்ஷிணிக்கு வாசற்படியில் குறுக்கே படுத்திருந்த நாயும், மூடி மூடித் திறந்த கதவும் கண் முன்னால் வந்தன.

"டாக்டர், ஆள் இல்லாத உடம்போட கால்ல நாய் மோவாய வெச்சுப் படுக்குமாங்க? தெனமும்?"

"படுக்காதுங்க" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. "தானா பக்கத்துலயே போகாது. நீங்கல்லாம் வால மட்டும்தான் பாக்கறீங்க. நாய்க்குக் காது இருக்கு, கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு. அதையும் கொஞ்சம் பாக்கலாம்."

அவள் வீடு வந்து சேர்ந்தபோது சர்வேஷ் மாலை ஆசனத்தில் இருந்தான். கூடத்துப் பாயில் உட்கார்ந்து, ஒரு காலை மறுகாலுக்கு மேல் போட்டு, உடம்பை முறுக்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுக்குவை அவன் முன்னால் பாயில் கிடத்தினாள். எதிரில் மண்டியிட்டாள்.

"நீங்கதானா?"

முறுக்கியிருந்த உடம்பு மெல்லத் தளர்ந்தது. அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். எத்தனையோ மாதமாகத் துண்டால் ஒற்றிவிட்ட கண்ணீர் அப்போதும் வந்துகொண்டிருந்தது.

"எப்பருந்து?"

"மிளகு போன மறுநாள்ல இருந்து. அன்னிக்கு ராத்திரி காவலிகிட்ட இருந்து செய்தி வந்துச்சு. நாய் எறந்தது, பொதைக்கப்பட்டதுன்னு. என்ற கையால தோண்டியிருக்கறேன், எனக்குத் தெரியல. அப்பவே வேலைய விட்டுட்டு வந்துட்டேன். நீ இருக்கறயான்னு பாத்தேன். சுக்கு உனக்கு வால ஆட்டல."

தர்ஷிணி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். இருவரும் பாயின் இரண்டு பக்கமும் ஒருக்களித்துப் படுத்து, நடுவில் சுக்குவை வைத்து, அதன் வயிற்றின் மேல் கையோடு கை சேர்த்துக்கொண்டார்கள். சுக்கு கண்ணைத் திறந்து ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தது. காதுகள் பின்னால் படிந்து, மறுபடி நிமிர்ந்தன. அவ்வளவு நாளும் இந்தக் காதுகள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன என்று தர்ஷிணிக்கு அப்போது புரிந்தது. வெகு காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அவள் ஆசைப்பட்டது இதைத்தான். அது கிடைத்தும்விட்டது.

அப்படியே இருந்திருக்கலாம்.

"சொல்லியிருக்கலாமில்லங்க" என்றாள் தர்ஷிணி, மெதுவாகத்தான்.

"சொன்னேன். இங்கதான் இருக்கறேன்னு உன்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். பேரச் சொல்லிச் சொன்னேன்."

"அத எல்லா உடம்பும்தான் சொல்லுது. நான் எப்படி நம்பறது?"

"நாயி வால நம்புவ, என்னய நம்பமாட்ட."

"நீங்க மட்டும்? நான் கேட்டப்ப நீங்களும் மேசைக்கடியிலதான் பாத்தீங்க."

சர்வேஷ் சுக்குவின் வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அவள் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் இடறியது. எழுந்து உட்கார்ந்தாள்.

"சரி, துணி மடிக்கறப்ப நான் பேசுனதக் கேட்டீங்கல்ல. எந்தக் காவலியும் அப்படிப் பேசாது. அப்பவே நான் உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"நீயே தேவலன்னியே. அவரு வராட்டி ஒரு கொறையும் இல்லன்னியே. சரி, அதயே வெச்சுக் குடும்பம் நடத்தட்டும்னு இருந்துட்டேன்." அவனும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "நீயா எப்பக் கண்டுபுடிக்கறேன்னு பாத்தேன். இத்தன நாளா நீ கண்டுபுடிக்கல."

"இத்தன நாளா நான் நிலாவுக்குத் தகவல் அனுப்பிட்டுக் கெடக்கறேன். பக்கத்துல படுத்துட்டு வேடிக்க பாத்திருக்கீங்க."

"வேடிக்க பாத்தனா? தெனமும் உனக்கு எதிர்ல உக்காந்து தோசை தின்னேன் தர்ஷிணி. ஒரு நாளாவது என்ற கண்ணப் பாத்தியா?"

"பாத்தேன். உங்க கண்ணுல என்ன தெரியுது? கல்யாணமானதுல இருந்து அப்படித்தான் இருக்குது."

அதற்கு அவன் எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள், பாதியில் விட முடியாதே. ஞாயிற்றுக்கிழமை வருவதை முதலில் நிறுத்தியது யார் என்று வந்தது. அவன் அம்மா செத்ததற்கு அவள் கடலடியிலிருந்து அரை நாள் தாமதமாக வந்தது வந்தது. நிலவு வேலைக்குப் போகாதீர்கள் என்று தான் கெஞ்சியதாக அவள் சொன்னாள். போனால்தான் என்ன என்று அவளே சொன்னதாக அவன் சொன்னான். குரல் ஏறிக்கொண்டே போனது. எதிர் பால்கனியில் இரண்டு உடல்கள் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சவாசனத்தில் கிடந்தன. வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்ல வேண்டும்: தர்ஷிணிக்கு அது நன்றாக இருந்தது. எத்தனையோ வருடத்தில் முதல்முறையாகக் காவலிக்குத் தெரியாத வாக்கியங்களை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் சிவந்திருந்தது. அவன் முழுக்க அங்கே இருந்தான், அவளும் முழுக்க அங்கே இருந்தாள்.

"மிளகு சாகறப்ப நீ எங்க இருந்த, அதச் சொல்லு மொதல்ல" என்றான் அவன்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் வேலைய விட்டுட்டு வந்தேன். நீ லீவு போட்டுட்டு வந்த. திரும்பிப் போறதுக்கு வழிய வெச்சுட்டு வந்தவ நீ. உனக்கு நாயும் ஒரு சாக்கு, நானும் ஒரு சாக்கு."

தர்ஷிணி, நான் சுக்குவுக்காக என்ன பட்டேன் என்று அதையே கேளுங்கள் என்று கையை நீட்டிக் காட்டத் திரும்பினாள்.

சுக்குவின் கண்கள் திறந்திருந்தன. தலை சமையலறைப் பக்கம், சத்தம் வந்த பக்கம், திரும்பியிருந்தது. ஒரு முன்னங்கால் பாயைத் தாண்டித் தரையில் நீண்டிருந்தது. எழுந்து வரப் பார்த்திருக்க வேண்டும். எப்போது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

சர்வேஷ் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சுக்குவின் முதுகில் கையை வைத்துப் பார்த்தான். இன்னும் சூடு இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் ஆகியிருக்காது, அவன் அம்மா சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதோ, நிலவு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதோ போயிருக்கும். எட்டடி தூரத்தில், இரண்டு பேரும் முழு உயிரோடு நின்றுகொண்டிருந்தபோது.

தர்ஷிணிக்கு இனி இந்த வீட்டில் பொழுது எப்படி விடியும் என்று தெரியவில்லை. ஆனாலும் அவன் கடைசியாகச் சொன்னதற்கு நறுக்கென்று ஒரு பதில் அவளிடம் வந்துவிட்டிருந்தது. சுக்குவின் காதைத் தடவிக்கொண்டே அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது சர்வேஷின் தாடையும் அசைந்துகொண்டிருந்தது. அவனிடமும் ஒன்று தயாராக இருந்தது.